17-ஆ

பிடுங்கிய பல்லைக் கேட்டு வந்திருந்தாள் அஞ்சலாட்சி.
வியாழக்கிழமை, சீட்டெல்லாம் முடிந்தபின்,
கதவோரம் செருப்பை விட்டுவிட்டு.

"போன மாசம் நீதான பிடுங்கின?
காசிமேட்டு எறா ஷெட்டுன்னு எழுதிக்கின,
கையெழுத்துகூட வாங்கின.
எங்க வெச்சிக்கிற?"

எதுக்கும்மா என்றேன்.

"ஒண்ணுமில்ல. என்துதான?"

தைமால் போட்ட உப்புநீரில் ஒன்பது நாள் கிடந்தது அது,
ராயபுரத்து ஆட்டோக்காரரின் கடைவாய்க்கும்
பெயர் எழுதாத யாரோ ஒருவரின் கோரைக்கும் நடுவே.
ஈறு இறங்கி, பாதி வேர் வெளியே தெரிந்த பல்.
ஆட்டினால் ஆடும்; ஆட்டாமலும் ஆடும்.
காறையைச் சுரண்டினேன். வெற்றிலைக் கறை போய்,
மஞ்சள் போய்,
வேரின் சொந்த நிறம் வந்தது, கஞ்சியில் படியும் ஆடையின் நிறம்.

வைரத் தகட்டால் நெட்டுக்குத்தாக இரண்டு துண்டு.
'அ'வுக்கு வெறும் தண்ணீர்.
'ஆ'வுக்கு அமில ஃப்ளோரைடு ஜெல்:
வாசனையும் ஆரஞ்சு, புளிப்பும் ஆரஞ்சு.
நான்கு நிமிடம்.
சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது, போனில் வைத்தேன்.

எனாமல் தாங்கிக்கொள்ளும்.
வேருக்கு எனாமல் கிடையாது.
ஈறுக்குள், இருட்டில்,
எலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கச் செய்யப்பட்டது.
வெளிச்சத்துக்கு வந்துவிட்டால்
மோர் பட்டாலும் கூசும்.

டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து
கடற்கரை ஸ்டேஷனில் வண்டி மாறி
கிண்டிக்குக் கொண்டுபோனேன்.
அங்கே தங்கம் பூசினார்கள்,
மயிரிழையை மூவாயிரமாய்க் கிழித்தால் வரும் ஒரு கீற்றின் கனம்.

திரையில் 'அ' மொழுக்கென்றிருந்தது,
கொத்தனார் மட்டப்பலகையால் இழுத்துவிட்ட மாதிரி.
'ஆ'வில் தோல் போயிருந்தது.
அமிலம் மேல்பூச்சைத் தின்று
குழல்களின் வாயைத் திறந்துவிட்டிருந்தது,
அலை வாங்கிய ஈர மணலில் நண்டுப் பொந்துகள்.
அந்தப் பொந்துகளின் விளிம்பெல்லாம்
குட்டிக் குட்டி உருண்டைகள், ஜவ்வரிசி போல.
கரைந்து வந்த கால்சியத்தைப் பிடித்து
ஃப்ளோரைடு உருட்டி வைத்தவை.
புளிப்பில்லாத ஜெல் தடவிய பற்களில் இத்தனை இல்லை.
அரித்த இடத்தில்தான் அடர்த்தியாக இருந்தன.

எத்தனை நாள் நிற்கும்?
ஜாடியில் நாக்கு இல்லை, உமிழ்நீர் இல்லை, புகையிலை இல்லை.
அதை 'வரம்புகள்' என்ற தலைப்பில் எழுதி வைத்தேன்.

அவளிடம் சொன்னது இவ்வளவுதான்:
அறுத்துட்டோம்மா. தங்கம் பூசி போட்டோ எடுத்தோம்.

"தங்கமா!"
அந்தச் சந்து தெரியச் சிரித்தாள்.
"தாலிக் குண்டு ரெண்டும் வண்ணாரப்பேட்டை அடகுக்கடைல.
பல்லுக்குத் தங்கமா? எவ்ளோ தேறும்?"

ஒன்றும் தேறாது, படத்தில் அது சாம்பலாகத்தான் தெரியும் என்றேன்.

"காட்டு."

லேப்டாப்பைத் திருப்பினேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
எறா உரித்து உரித்து நுனி வெந்த விரலால்
திரையைத் தொட்டாள், நான் தடுக்கவில்லை.
"எங்க ஷெட்டுத் தரை மாதிரியே கீதே.
எறாத் தண்ணி சிமெண்டத் தின்னுடும்.
ஓனரு பூசுவாரு, அது மறுபடி தின்னும்."

பிறகு நாற்காலியில் தானே ஏறிச் சாய்ந்தாள்.
"மீதிப் பல்லுக்கும் அத்தத் தடவு."

விளக்கை இழுத்தேன்.
எட்டு வேர்கள் வெளியே நின்றன.
அலமாரியில் இரண்டு டப்பா:
அரித்துவிட்டு நிறையத் தருவது ஒன்று,
அரிக்காமல் கொஞ்சம் தருவது ஒன்று.
என் ஆய்வில் எழுபத்திரண்டு படங்கள் இருக்கின்றன,
ஒன்றிலும் ஈறு இல்லை.

"வலிக்குமா?"

கூசும் என்றேன்.
நாலு நிமிஷம், முழுங்கக் கூடாது என்றேன்.
வாயைத் திறந்தபடியே தலையாட்டினாள்.
எந்த டப்பாவின் மூடியிலும் கை வைக்காமல்
போனில் நேரத்தை மட்டும் வைத்தேன்.